கேட்டுக்கு வெளியே கிடக்கும் கல்

தை 6, ஞாயிறு

இன்சூரன்ஸ்காரர் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. கழுத்தில் டை, காலில் பளபளவென்று ஷூ. கேட்டிலேயே நிறுத்தி, ஷூவோடு கிருமி மருந்து கலந்த ஊதாத் தண்ணீர்த் தொட்டியில் மிதித்துவிட்டு வரச் சொன்னேன். புது ஷூ என்றார். அது கோழிக்குத் தெரியுமா என்று கேட்டேன். மிதித்தார். போகும்போது ஷூ வெங்காயத் தோல் நிறத்தில் இருந்தது.

என் பெயர் பாவாயி. நாமக்கல்லிலிருந்து பதினாலு கிலோமீட்டரில் எங்கள் முட்டைக்கோழிப் பண்ணை. நாலு ஷெட், முப்பத்தாறாயிரம் கோழி. இதையெல்லாம் டைரியில் எதற்கு எழுதுகிறேன் என்றால், என் பேத்தி தாரணி சொல்லிவிட்டாள், தெரியாதவர்கள் படித்தாலும் புரிய வேண்டுமாம்.

விஷயம் இதுதான். நாலு ஷெட்டும் இன்னொரு பெருமழை தாங்காது. புது ஷெட் கட்ட பேங்க் ஒப்புக்கொண்டுவிட்டது, ஆனால் இன்சூரன்ஸ் வேண்டும் என்கிறது. இன்சூரன்ஸ்காரர், பண்ணையில் ஆபத்து வராமல் இருக்க என்னென்ன விதி வைத்திருக்கிறீர்கள், எந்த வருஷத்திலிருந்து, எந்தக் காரணத்தால் என்று எழுதிக் கேட்கிறார். விதி எல்லோருக்கும் தெரியும். காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் மூன்றாம் வகுப்புவரைதான். ஆனால் 1971-இல் என் கல்யாணப் பந்தியில் எனக்கு அப்பளம் வைக்காமல் தாண்டிப் போனது யார் என்று கேட்டால் இன்றைக்கும் பெயர் சொல்வேன். தாரணி ஒரு முட்டை வியாபாரி கொடுத்த டைரியைக் கையில் கொடுத்து, ஞாபகம் வருவதை எல்லாம் எழுது என்றாள். வராதது எது என்று கேட்டேன்.

தை 7, திங்கள்

பதினேழு விதி தேறியது.

குஞ்சு ஒரே இடத்தில் வாங்கக் கூடாது. காரணம்: 1986-இல் ஒரு குஞ்சுப் பொரிப்பகத்துக்காரன் பாதிக்குப் பாதி சேவலாக அனுப்பினான். சேவல் முட்டை போடுமா? அந்த ஆள் செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. அந்த வழியாகப் பஸ்ஸில் போனால் இப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஒரே வியாபாரிக்கு இரண்டு ஷெட் முட்டைக்கு மேல் போடக் கூடாது. காரணம்: 1991 கார்த்திகையில் விலை சரிந்ததும் ஒருவன் லாரி ரிப்பேர் என்று ஐந்து நாள் வரவில்லை. லாரி அவன் வீட்டு வாசலில் மாலை போட்டு நின்றதை நானே பார்த்தேன்.

நாலு ஷெட்டிலும் ஒரே வயதுக் கோழி இருக்கக் கூடாது. எல்லாம் ஒரே நாளில் கிழமாகிவிட்டால் நாம் என்ன செய்வது. வீட்டுக்கும் இது பொருந்தும்.

செவ்வாய்க்கிழமை கொத்தனார் உள்ளே வரக் கூடாது. காரணம் உண்டு. என் காப்பியைப் பற்றி 1988-இல் ஒரு கொத்தனார் சொன்ன வார்த்தையை இங்கே எழுத மாட்டேன்.

வீட்டில் நாட்டுக்கோழி, புறா, கிளி எதுவும் கூடாது, வெளிக்கோழி கேட்டுக்குள் வரவே கூடாது. காரணம்: பொதுவாக.

தை 9, புதன்

இன்றைக்கு முதல் விதிக்குக் காரணம் எழுதினேன். பதினேழில் அதுதான் தலை.

வேறு பண்ணை மிதித்த செருப்பு நம் பண்ணையை மிதிக்கக் கூடாது. 1994 ஆனியிலிருந்து.

காரணம்: சென்னியப்பன். என் வீட்டுக்காரருக்குத் தம்பி. நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அவன் அரை டவுசரில் திரிந்தான், சோறு போட்டு வளர்த்தது நான். 1994-இல் ஒரு செவ்வாய்க்கிழமை, ஈரோட்டுப் பக்கம் ஏதோ பண்ணையில் முட்டை நின்ற கழிவுக்கோழி விற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, அதே செருப்போடு நேராக நம் ஷெட்டுக்குள் நடந்தான். அடுத்த வாரம் வெள்ளைக் கழிச்சல் நோய் வந்தது. ஒன்பது நாளில் பதினோராயிரம் கோழி. அள்ளிப் புதைக்க ஆள் கிடைக்கவில்லை. நாங்களே அள்ளினோம்.

நான்தான் சொன்னேன், இவன் காலில் யமனைக் கட்டிக்கொண்டு வந்தான் என்று. அண்ணன் தம்பி பங்கு பிரித்துக்கொண்டார்கள். அவன் ஓடைக்கு அக்கட்டாலே, அந்தக் கரையில், சின்னதாக ஒரு பண்ணை போட்டான். அதிலிருந்து அவன் நம் கேட்டைத் தாண்டியதில்லை. பொங்கலுக்குப் பொங்கல் ஒரு கட்டுக் கரும்போடு வருவான். கேட்டுக்கு வெளியே ஒரு கல் கிடக்கிறது, அதில் ஒரு மணி நேரம் உட்காருவான். கரும்பைக் கம்பி மேலாகக் கொடுத்துவிட்டுப் போவான். நான் எட்டிப் பார்க்க மாட்டேன். அடுப்படியில் என் வேலையைப் பார்ப்பேன். வேலை செய்யும்போது எனக்கு வாய் சும்மா இருக்காது.

2009-இல் என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தம்பி வந்தானா என்று ஒருநாள் கேட்டார். கேட்டுக்கு வெளியே நிற்கிறான் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

1994-இல் அந்த ஆனி மாதம் நான் தாய்வீட்டுக் கோயில் நோம்பிக்குப் போயிருந்தேன். வெள்ளிக்கிழமை திரும்பினேன். கூடையில் தேங்காய், பழம், கொஞ்சம் சாமான். இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை. பேனாவில் எழுதியதை அழிக்க முடியாது.

தை 10, வியாழன்

ஊறுகாய்க்கு நார்த்தங்காய் அரிந்தேன். கை எரிகிறது.

தை 12, சனி

தாரணி டைரியைப் படித்துவிட்டாள். கோயம்புத்தூரில் வணிகம் படித்தவள், சிவப்புப் பேனா வைத்திருக்கிறாள். கொத்தனாரை அடித்துவிட்டாள். தீபாவளிக்கு முந்தின நாள் மின்சாரக்காரரைக் கூப்பிடக் கூடாது என்பதையும் அடித்துவிட்டாள்.

"பதினேழுல பத்துக்குக் காரணம் இருக்குது அப்பத்தா. ஆறுக்கு ஆளுதான் இருக்காங்க."

ஆளும் ஒரு காரணம்தானே என்றேன். அதற்கு அவள் விட்டுவிடவில்லை. மற்ற பண்ணைக்காரர்கள் கேட்டை ஒட்டிய குளியலறையில் குளித்து, நாம் கொடுக்கும் வேட்டியைக் கட்டிக்கொண்டு உள்ளே வருகிறார்களே, சின்னத் தாத்தாவுக்கு மட்டும் ஏன் குளியல்கூடக் கிடையாது என்று கேட்டாள். அவன் குளித்தாலும் போகாது என்றேன். சிவப்புப் பேனாவால் ஏதோ எழுதிக்கொண்டாள்.

பிறகு வெளிக்கோழி விதிக்கு வந்தாள். மற்ற பதினாறுக்கும் வருஷமோ ஆளோ காரணமோ போட்டுவிட்டு இதற்கு மட்டும் ஏன் 'பொதுவாக' என்றாள். எல்லாவற்றுக்கும் ஞாபகம் இருக்குமா என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். என் மாமியார் பார்வை அது. எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"சரி. கூடையில கொஞ்சம் சாமான்னா என்ன சாமான்?"

"சாமான்னா சாமான்."

தை 16, புதன்

சென்னியப்பன் பண்ணையில் கோழி தலையைத் தொங்கப் போட்டு நிற்கிறதாம். முட்டை ஓடு காகிதமாக வருகிறதாம். டீக்கடையில் பேசிக்கொண்டார்கள் என்று என் மகன் குழந்தைவேல் சொன்னான்.

எனக்கென்ன.

தை 17, வியாழன்

கழுத்தைத் திருகிக்கொண்டு விழுகிறதாம். இனிமேல் டாக்டர் வந்து பெயர் சொல்ல வேண்டியதில்லை.

தை 18, வெள்ளி

டாக்டர் வந்து பெயர் சொன்னார். அதே வெள்ளைக் கழிச்சல்.

நாலாயிரம் கோழி அவனிடம். ஓடைக்கு இக்கட்டாலே நம் முப்பத்தாறாயிரம். நடுவில் நூறு அடி தூரமும் என் விதியும்தான். தடுப்பூசி போட்டிருக்கிறது என்று குழந்தைவேல் தைரியம் சொல்கிறான். சொல்லிக்கொண்டே நகம் கடிக்கிறான். நம் பண்ணையில் வந்தால் புது ஷெட் இல்லை, பழைய ஷெட்டும் இல்லை. லாரியை மெயின் ரோட்டிலேயே நிறுத்தி, முட்டையை நம் டிராக்டரில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். பழைய முட்டை அட்டை ஒன்றுகூடத் திரும்பி உள்ளே வரக் கூடாது.

ஊரில் எல்லாப் பண்ணையிலும் கேட்டைச் சாத்திவிட்டார்கள். வாசலுக்கு வாசல் ஊதாத் தண்ணீர். பாவாயி அக்கா விதி என்றே சொல்கிறார்களாம். முப்பது வருஷமாக என்னைப் பைத்தியம் என்று சொன்னவர்கள்.

தை 20, ஞாயிறு

சென்னியப்பனுக்குக் காய்ச்சல். வேலைக்கிருந்த புருஷன் பெண்டாட்டி இருவரும் பயந்துகொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். மனைவி செத்து ஆறு வருஷம். மகன் ஆஸ்திரேலியாவில் இருந்துகொண்டு குழந்தைவேலுக்குப் போன் மேல் போன் போடுகிறான். டாக்டர் பார்த்துவிட்டு, காய்ச்சல் சாதாரணம்தான், ஆனால் எழுபது வயது ஆள் சாப்பிடாமல் கிடக்கக் கூடாது, பக்கத்தில் யாராவது இருக்கட்டும் என்றாராம்.

யார் இருப்பது? ஊரில் பண்ணை இல்லாத வீடு எது? அங்கே போனவன் தன் பண்ணைக்குத் திரும்ப முடியாது. என் மருமகள் சாந்தாமணி நேற்றும் இன்றும் சோற்றுப் போசியை நீளக் கொம்பில் மாட்டி வேலிக்கு அந்தப் பக்கம் வைத்தாள். இரண்டும் வைத்த இடத்திலேயே இருக்கிறது.

எல்லோரும் என் விதிப்படி சரியாகத்தான் நடக்கிறார்கள்.

சாயங்காலம் குழந்தைவேல் சட்டையைப் போட்டுக்கொண்டு, நான் போகிறேன் என்றான். உட்காரடா என்றேன். நீ போனால் நாலு ஷெட்டுக்கும் யார்? தாரணி போனால் காகிதம் யார் பார்ப்பது? சாந்தாமணி போனால் சோறு? அப்படியே கணக்குப் போட்டுப் பார்த்தால், இந்த வீட்டில் இல்லாவிட்டாலும் ஒரு முட்டைகூடக் குறையாத ஆள் ஒன்றுதான் இருக்கிறது.

அப்படி இல்லை என்று ஒருவர்கூட மறுத்துச் சொல்லவில்லை. அதையும் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

தை 21, திங்கள்

நாலு சேலை, மாத்திரை, டைரி. சென்னியப்பன் பண்ணைக்கு வந்து சேர்ந்தேன். கடைசிக் கோழியைப் புதைத்த நாளிலிருந்து இருபத்தொரு நாள் கழித்துத்தான் திரும்ப முடியும். அந்த இருபத்தொரு நாளும் நான் வைத்த கணக்குதான்.

நான் வந்தது குழியில் சுண்ணாம்பு சரியாகப் போடுகிறார்களா என்று பார்க்க. நாய் தோண்டி ஓடை தாண்டி இழுத்துப் போனால் போனது நம் பண்ணை. அதற்காக மட்டும்தான்.

பண்ணையை ஒட்டிய சாளை வீட்டுக்குள் கயிற்றுக் கட்டிலில் கிடந்தான். ஆள் பாதியாகிவிட்டான். கண்ணைத் திறந்து பார்த்தான். அண்ணியை எங்கள் பக்கத்தில் நங்கை என்போம். முப்பது வருஷம் கழித்து அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை:

"செருப்பைக் கழட்டிட்டு வாங்க நங்கை."

தை 22, செவ்வாய்

கஞ்சி, பருப்புத் தண்ணீர். பெருங்காயம் இல்லை, கடுகு டப்பாவில் ஆணி. ஆண்பிள்ளை நடத்தும் வீடு.

தை 25, வெள்ளி

பொக்லைன் வைத்து ஆழமாகக் குழி எடுத்து, கடைசிக் கோழியும் போட்டாயிற்று. சுண்ணாம்பு பதினெட்டு மூட்டை. நாலாயிரத்தில் மிச்சம் ஒன்றுகூட இல்லை. சென்னியப்பன் தள்ளாடி எழுந்து வந்து கட்டைச் சுவரைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். காலிக் கூண்டு காற்றில் ஆடும்போது ஒரு சத்தம் வரும். 1994-இல் கேட்ட சத்தம். அதை நான் மறந்திருக்கிறேன் என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு என்னைத் தெரியாது.

எப்படி வந்திருக்கும் என்று அவனிடம் கேட்டேன். யாரோ கொண்டு வந்த பழைய முட்டை அட்டையாக இருக்கும் என்றான். யார் என்று கேட்டேன். தெரியும், சொல்ல மாட்டேன் என்றான்.

"சொல்லி என்னங்க பண்றது. அவனுக்கும் ரெண்டு பிள்ளை இருக்குது."

இப்படியும் ஒரு மனுஷன். பழி போட ஆள் கிடைத்தும் விட்டுவிடுகிறான்.

தை 28, திங்கள்

காய்ச்சல் விட்டுவிட்டது. வாய்க்கு ருசியாக ஏதாவது கேட்டான். தக்காளிக் குழம்பு வைத்தேன். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான். தட்டை வழித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னான்:

"அன்னிக்கு நீங்க வெச்ச நாட்டுக்கோழிக் குழம்பு இதைவிட நல்லா இருந்துச்சு நங்கை."

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை.

அந்த ஆனியில் தாய்வீட்டில் அம்மா ஒரு நாட்டுக்கோழியைக் கூடையில் வைத்துக் கொடுத்தாள். பஸ்ஸில் வரும்போதே துவண்டுவிட்டது. எங்கள் பக்கத்தில் கோழி துவண்டு நின்றால் என்ன செய்வோம்? சாவதற்குள் அடித்துக் குழம்பு வைத்துவிடுவோம். வீணாக்க மாட்டோம். அப்படித்தான் எல்லோரும் செய்தார்கள், அப்படித்தான் நானும் செய்தேன். இறகையும் குடலையும் முதல் ஷெட்டுக்குப் பின்னால் கொட்டினேன். அன்றைக்கு வீட்டுக்காரர் சேலத்தில் இருந்தார். குழம்பு சாப்பிட்டது நானும் இவனும்தான். ஐந்தாம் நாள் முதல் ஷெட்டில்தான் ஆரம்பித்தது.

உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன். அப்போதே என்றான். அண்ணனிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவன் எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"அண்ணன் கோவக்காரரு. சொல்லியிருந்தா உங்களைத் தாய்வீட்டுக்கு அனுப்பியிருப்பாரு. குழந்தைவேலு அப்ப சின்னப் பையன். நான் வெளிய போனா வீட்டுல ஒரு ஆளு கம்மி. நீங்க போனா வீடே கம்மி. எதுல நட்டம் கொறைச்சல்னு பாத்தேன், அவ்வளவுதானுங்க."

தை 29, செவ்வாய்

ஒன்றும் எழுதுவதற்கில்லை.

மாசி 5, திங்கள்

கூண்டு எல்லாம் மருந்தடித்துக் காயப் போட்டிருக்கிறது. தாரணி தினமும் போனில் கணக்குச் சொல்கிறாள். நம் பண்ணையில் ஒரு கோழிகூடத் துவளவில்லை. ஓடைக்கு நம் பக்கம் எந்தப் பண்ணையிலும் இல்லை. விதி ஜெயித்துவிட்டது என்றாள். இன்சூரன்ஸ்காரர் பக்கத்துப் பண்ணையில் நோய் வந்தும் இங்கே வராததைக் கேட்டு அசந்துபோனாராம். முதல் விதியைத் தன் கம்பெனியில் எல்லோருக்கும் காட்டப் போகிறாராம், அதில் உள்ள காரணத்தோடு.

காரணத்தை இப்போதைக்குக் காட்ட வேண்டாம் என்று சொல்லு என்றேன்.

மாசி 12, திங்கள்

பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது. வாங்கிக்கொள்ள நம் கேட்டுவரை நடந்துபோனேன். தாரணி உள்ளிருந்து பையைக் கம்பியில் மாட்டிவிட்டுப் பத்தடி தள்ளி நின்றாள்.

கேட்டைத் திற, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்றேன்.

"இன்னும் நாலு நாள் இருக்குது அப்பத்தா."

"நான் போட்ட விதியை எனக்கே சொல்றயா?"

"நீ போட்டதுதானே, அதனாலதான் சொல்றேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். முழங்கால் வலித்தது. கேட்டுக்கு வெளியே கிடக்கும் கல்லில் உட்கார்ந்தேன். இந்த வீட்டுக்கு வந்து ஐம்பத்துநாலு வருஷத்தில் அந்தக் கல்லில் நான் உட்கார்ந்தது இன்றைக்குத்தான்.

அடுப்படி ஜன்னல் நேர் எதிரே இருக்கிறது. சாந்தாமணி தன் அக்காவோடு போனில் பேசுவது பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலக் கேட்டது. கரண்டியை வைக்கும் சத்தம்கூடக் கேட்டது.

"கெழவி போயி இருவது நாளுக்கு மேல ஆச்சு. வீடு கம்முனு கெடக்குது. எப்ப வருமோன்னு இருக்குது. வந்துட்டா எப்பப் போகுமோன்னு இருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

முப்பத்தோரு பொங்கல். ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு மணி நேரம். நான் அந்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு சென்னியப்பனைப் பற்றி என்னென்ன சொன்னேன் என்று எனக்கு வருஷ வாரியாக ஞாபகம் இருக்கிறது. எனக்கு ஏன் இப்படி ஒரு ஞாபகத்தைக் கொடுத்தான் கடவுள்.

மாசி 13, செவ்வாய்

காலையில் காப்பி கொடுக்கும்போது சென்னியப்பனிடம் கேட்டேன், அந்தக் கல்லில் உட்கார்ந்தால் அடுப்படிப் பேச்சு கேட்குமா என்று.

"எனக்குக் காது கொஞ்சம் மந்தமுங்க நங்கை."

"எப்பலயிருந்து?"

"தொண்ணூத்தஞ்சுலயிருந்து."

காப்பியை ஆற்றிக் குடித்தான். சர்க்கரை கம்மி என்றான்.

மாசி 16, வெள்ளி

இருபத்தொரு நாள் முடிந்தது. சென்னியப்பனையும் கூட்டிக்கொண்டு வந்தேன். கேட்டில் நான் முதலில் குளித்தேன், பிறகு அவன். குழந்தைவேல் தன் அப்பாவின் வேட்டி ஒன்றை எடுத்து வைத்திருந்தான். யாரும் சொல்லவில்லை, அவனாகவே செய்திருக்கிறான். ஊதாத் தண்ணீர் தொட்டி முன்னால் சென்னியப்பன் காலைத் தூக்காமல் நின்றான். மிதி என்றேன். உள்ளே போகலாமா என்று கேட்டான். செருப்புக்குத்தான் விதி, காலுக்கு இல்லை என்றேன். இவ்வளவு வருஷம் அப்படி இல்லையே என்றான். மிதிடா என்றேன்.

மிதித்தான்.

மத்தியானம் தாரணியைக் கூப்பிட்டு இன்சூரன்ஸ் காகிதத்தைக் கொண்டுவரச் சொன்னேன். முதல் விதியில் காரணம் என்ற இடத்தில் சென்னியப்பன் பெயரை நானே அடித்தேன். வெளிக்கோழி விதியில் 'பொதுவாக' என்பதை அடித்துவிட்டு எழுதினேன்: 1994 ஆனி, வெள்ளிக்கிழமை, பாவாயி, கூடையில் துவண்ட நாட்டுக்கோழி. மற்ற விதிகளைப் போலவே வருஷம், கிழமை, ஆள் எல்லாம் போட்டாயிற்று.

தாரணி படித்தாள். ரொம்ப நேரம் படித்தாள், ஒரு வரிதான். பிறகு, முதல் விதியையும் எடுத்துவிடலாமா என்று கேட்டாள். எதற்கு எடுப்பது? முப்பது வருஷம் முப்பத்தாறாயிரம் கோழியைக் காப்பாற்றிய விதி. ஆள்தான் தப்பு, விதி சரிதான் என்றேன். சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

சாந்தாமணி கூடத்துக்கு வந்து, மாமாவுக்கு என்ன சமைக்கட்டும் என்று கேட்டாள். சென்னியப்பன் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"கோழி வேண்டாம் தாயி. முட்டை போதும்."

சாப்பிட்டு முடித்த பிறகு குழந்தைவேல் வந்து, கேட்டுக்கு வெளியே கிடக்கும் அந்தக் கல்லை இனிமேல் எடுத்துப் போட்டுவிடலாமா அம்மா என்றான். வேண்டாம் என்றேன்.

சாந்தாமணி போன் பேசும்போது எனக்கு வேண்டியிருக்கும்.